ஏ.டி.எம்.மில் போன பணத்தைத் திரும்ப வாங்கிய கதை

2018இல் நடந்தது. என் கார்டு என் பர்ஸில் இருக்க, வட இந்தியாவில் ஏதோ ஓர் ஏ.டி.எம்.மில் 40,000 ரூபாயை எடுத்துவிட்டார்கள். நள்ளிரவுக்குச் சற்று முன் இரண்டு முறை, சற்றுப் பின் இரண்டு முறை, தலா 10,000. தேதி மாறினால் தினசரி வரம்பும் புதிதாகத் தொடங்கும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

குறுஞ்செய்திகளைப் பார்த்ததும் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து கார்டை முடக்கி, புகார் எண் வாங்கிக்கொண்டேன். (இன்றானால் கையோடு இணையப் பண மோசடிப் புகாருக்கான 1930க்கும் அழைத்துவிடலாம், அப்போது அந்த எண் கிடையாது.) காலையில் கிளைக்குப் போனால், "பின் நம்பரை யாருக்காவது சொல்லியிருப்பீங்க சார்" என்றார் மேலாளர். என்னுடையது சிப் இல்லாத பழைய கார்டு. கார்டு நுழைக்கும் வாயில் கார்டின் விவரத்தை நகலெடுக்கும் ஒரு கருவியையும் விசைப்பலகைக்கு மேல் பொடி கேமராவையும் ஒட்டிவிட்டால், யாரும் யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியதில்லை.

அவரோடு வாதாடிப் பயனில்லை. எழுத்தில் கொடுத்தேன். 2017 ஜூலை 6 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கைதான் எனக்குக் கைகொடுத்தது. அன்று அது சொன்னது இதுதான்: தவறு வங்கியிடமும் இல்லாமல் நம்மிடமும் இல்லாமல் இடையில் எங்கோ நடந்திருந்தால், தகவல் வந்த மூன்று வேலை நாள்களுக்குள் புகார் செய்தவருக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டம் வரக் கூடாது. புகார் கொடுத்த 10 வேலை நாள்களுக்குள் தொகையைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். வாடிக்கையாளர் மேல்தான் தப்பு என்றால் அதை நிரூபிக்க வேண்டியது வங்கிதான். இந்தக் கடைசி வரியை மட்டும் அடிக்கோடிட்டு, அந்த ஏ.டி.எம்.மின் கேமராப் பதிவையும் கேட்டிருந்தேன். அன்றிரவு திருச்சியில் கார்டு தேய்த்த மளிகைக்கடை ரசீது, காவல் நிலையத்தில் வாங்கிய சி.எஸ்.ஆர். (புகாரைப் பெற்றதற்கான ரசீது) நகல் இரண்டையும் இணைத்தேன். என் பிரதியில் முத்திரையும் தேதியும் போட்டுத் தரும் வரை நாற்காலியை விட்டு எழவில்லை. அங்கே கொஞ்சம் முகம் சுளித்தார்கள், சரி, சுளிக்கட்டும்.

பணம் வரவானது, ஆனால் விசாரணை முடியும் வரை எடுக்க முடியாதபடி நிறுத்தி வைத்திருந்தார்கள். வீட்டுக் கடன் தவணை அதற்கு முன்பே இருப்பு இல்லாமல் திரும்பிப் போயிருந்தது. கணக்குப் பக்கமும் கடன் பக்கமும் அபராதம். அந்த மாதச் செலவுக்கு மைத்துனரிடம் கைமாற்று வாங்கினேன். 40,000 போனதைவிட அவரிடம் கேட்டு நின்றதுதான் உறுத்தியது.

அப்புறம் நிறுத்தத்தை விலக்கினார்கள். அபராதத்துக்கு மட்டும் இன்னொரு கடிதம். பணம் போன தேதியிட்டே வரவு வைக்க வேண்டும் என்றது அதே சுற்றறிக்கை. அப்படியானால் தவணை நாளில் என் கணக்கில் பணம் இருந்ததாகத்தானே அர்த்தம், பிறகு எதற்கு அபராதம் என்று கேட்டேன். பதில் கடிதம் எதுவும் வரவில்லை. தொகை மட்டும் கணக்கில் ஏறியிருந்தது.