என்எல்25-லிருந்து என்எல்50: போக்கரில் மேலே ஏறும்போது எழுதிய குறிப்புகள்

ஜனவரி 5, 2026, திங்கள்

முதலில் ஒன்று. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை நடத்துவதையே இந்தியாவில் 2025 ஆகஸ்டில் நிறைவேறிய சட்டம் தடை செய்துவிட்டது. அதனால் இங்கே எழுதுவது, உரிமம் பெற்ற தளங்களில் சட்டப்படி ஆட முடிகிற ஊர்களில் இருப்பவர்களுக்கு.

ஆட்டம் ஆறு பேர் மேசை, நோ-லிமிட் ஹோல்டெம்: ஆளுக்கு இரண்டு சீட்டு, எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, பெட்டுக்கு உச்சவரம்பு இல்லை. என்எல்25-ல் பிளைண்ட் (இருவர் முன்கூட்டியே கட்டாயமாகப் போடும் தொகை) 10/25 சென்ட், முழு பை-இன் (மேசைக்குக் கொண்டு உட்காரும் தொகை) 25 டாலர். என்எல்50-ல் 25/50 சென்ட், 50 டாலர். தொகை இரண்டு மடங்கு ஆகிறது, அவ்வளவுதானே என்று நினைத்து ஏறுகிறவர்கள்தான் அதிகம். ஒரு சின்ன கணக்கைப் பாருங்கள். பெரிய பிளைண்ட்தான் பிக் பிளைண்ட், சுருக்கமாக பிபி. என்எல்25-ல் ஸ்மால் பிளைண்ட் 0.4 பிபி, என்எல்50-ல் 0.5 பிபி. பட்டனில் (பொதுச் சீட்டு வந்தபின் கடைசியாக ஆடும் இடம்) 2.5 பிபி போட்டு பிளைண்டைத் திருட, கீழே 64% தடவை ஃபோல்டு (சீட்டைக் கைவிடுவது) வர வேண்டும். மேலே 62.5% போதும். வித்தியாசம் சிறிதுதான், ஆனால் பட்டன் ஒவ்வொரு சுற்றிலும் வருகிறது. மேலே இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். ஆகவே திருட்டும் கூடும், திருப்பி அடிப்பதும் கூடும்.

ஜனவரி 7, புதன்

பாங்க்ரோல் (ஆட்டத்துக்கென்று ஒதுக்கிய மொத்தப் பணம்) பற்றிய பேச்சு எப்போதும் "எத்தனை பை-இன்?" என்பதில் ஆரம்பித்து அங்கேயே முடிந்துவிடுகிறது. பை-இன் எண்ணிக்கையை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. வின்ரேட், அதாவது சராசரி லாப வேகம், கூடவே வர வேண்டும்.

ஆறு பேர் மேசையில் 100 கைகளுக்கான (ஒரு தடவை சீட்டு போட்டு ஆடுவது ஒரு கை) திட்ட விலக்கம், அதாவது முடிவு சராசரியிலிருந்து அலையும் அளவு, சுமார் 95 பிபி என்று எடுத்துக்கொள்வோம். வின்ரேட் 100 கைக்கு 4 பிபி. 40 பை-இன், அதாவது 4,000 பிபி வைத்துக்கொண்டு கீழே இறங்காமலே ஆடினால், மொத்தமும் கரையும் வாய்ப்பு ஏறத்தாழ 3%. 20 பை-இன் மட்டும் இருந்தால் 17%. மேலே ஏறியதும் எதிராளிகள் கெட்டியாகி வின்ரேட் 2 பிபிக்கு இறங்கியது என்று வையுங்கள். இப்போது 40 பை-இன் வைத்திருந்தாலும் அதே 17%தான். கையில் இருக்கும் தொகை மாறவில்லை, அதன் பலம் பாதியாகிவிட்டது. என்எல்25-ல் வந்த வின்ரேட்டை அப்படியே என்எல்50-க்குப் போட்டுக் கணக்குப் பார்ப்பதுதான் இதில் அதிகம் நடக்கும் தப்பு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 4 பிபி வின்ரேட் உள்ள ஆள்கூட 10,000 கை ஆடி முடித்து நஷ்டத்தில் நிற்க மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு. 50,000 கையில்கூட 17%. ஆகவே முதல் 10,000 கையின் வரைபடத்தைப் பார்த்து "நமக்கு இந்த ஸ்டேக் (பந்தய அளவு) சரிப்படாது" என்றோ "சரிப்படும்" என்றோ முடிவு கட்டுவது வீண்.

என் யோசனை: 2,000 டாலர் சேர்ந்ததும் 5 பை-இன், அதாவது 250 டாலரை முயற்சிக்கு ஒதுக்கலாம். அது போனால் திரும்ப என்எல்25. போக்கர் ஆட்டக்காரர் கிறிஸ் ஃபெர்குசன் ஒரு சென்ட்கூடப் போடாமல் ஆரம்பித்து 10,000 டாலர் வரை போன சவாலில், கேஷ் ஆட்டத்துக்கு (போட்டித் தொடர் அல்லாத நேரடிப் பண ஆட்டம்) பாங்க்ரோலில் 5%-க்கு மேல் கொண்டு உட்காரக் கூடாது என்பது விதி. அப்படியென்றால் 20 பை-இன். மேலே சொன்ன 17% ஆபத்து அவரை அவ்வளவாகத் தொடாததற்குக் காரணம், தொகை குறையக் குறைய அவர் ஸ்டேக்கைக் குறைத்துக்கொண்டே வந்தது. இறங்கத் தயாராக இல்லாதவருக்கு 20 பை-இன் போதாது.

ஜனவரி 10, சனி

ரேக், அதாவது தளம் எடுக்கும் கமிஷன். பெரும்பாலான தளங்களில் பாட் (நடுவில் சேரும் பந்தயத் தொகை) அளவில் 5%, அதற்கு ஓர் உச்சவரம்பு. ஃப்ளாப் (முதல் மூன்று பொதுச் சீட்டு) வராவிட்டால் ரேக் இல்லை. வரம்பு எவ்வளவு என்பது தளத்துக்குத் தளம் மாறும், லாபியில் பார்த்துக்கொள்ளுங்கள். பிபி கணக்கில் அது பெரும்பாலும் மேலே போகப் போகச் சுருங்கும்.

பட்டனில் இருப்பவர் 2.5 பிபி திறக்கிறார் (முதலில் ஏற்றுகிறார்), நீங்கள் பிக் பிளைண்ட். இன்னும் 1.5 போட்டால் பாட் 5.5. ரேக் இல்லையென்றால் 27.3% ஈக்விட்டி (ஜெயிக்கும் வாய்ப்பு) தேவை, 5% ரேக் எடுத்தால் 28.7%. கீழ் ஸ்டேக்கில் 10-7 ஆஃப்சூட் (இரண்டு சீட்டும் வேறு வேறு இனம்) மாதிரிக் கைகளைத் தூக்கிப் போடுவது சரியாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மேலே வந்தால் கொஞ்சம் தளர்த்தலாம், கொஞ்சம்தான்.

ஜனவரி 14, புதன்

3-பெட், அதாவது முதலில் ஏற்றியவர் மீது மறுபடி ஏற்றுவது. ஏறியவர்களுக்கு முதல் வாரத்திலேயே அடி விழும் இடம் இது.

பட்டனில் 2.5 திறக்கிறீர்கள். பிக் பிளைண்ட் 11-க்கு ஏற்றுகிறார். அவர் புதிதாகப் போடுவது 10, கிடைக்கக்கூடியது 4. நீங்கள் 71%-க்கு மேல் ஃபோல்டு செய்தால் அவர் சீட்டைப் பார்க்காமலேயே லாபம் எடுப்பார். கீழே 3-பெட் என்றாலே குயின் ஜோடிக்கு மேல் அல்லது ஏஸ்-கிங் என்று இருந்ததால், கண்ணை மூடி ஃபோல்டு செய்வது சரியாகவே இருந்தது. மேலே அதே பழக்கம் ஓட்டைப் பானை. நீங்கள் போட வேண்டியது 8.5, முடிவில் பாட் 22.5, தேவை சுமார் 38%. பொசிஷன் (எதிராளிக்குப் பிறகு ஆடும் வசதி) உங்களிடம் இருக்கிறது. கிங்-குயின் சூட்டட் (இரண்டும் ஒரே இனம்), ஜாக்-10 சூட்டட், 9 ஜோடி, 8 ஜோடி எல்லாம் கால் செய்வதற்கு (அதே தொகையைப் போட்டுத் தொடர்வதற்கு) வரும். ஏஸ்-10 ஆஃப்சூட் வராது, பார்வைக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும்.

நீங்கள் 3-பெட் செய்யும்போது ப்ளஃபுக்கு (பலமில்லாத கையோடு மிரட்டுவதற்கு) எடுக்க வேண்டியவை ஏஸ்-5, ஏஸ்-4 சூட்டட் வகை. கையில் ஒரு ஏஸ் இருந்தால் எதிராளியிடம் ஏஸ் ஜோடி இருக்கும் வழி 6-லிருந்து 3 ஆகிறது, ஏஸ்-கிங் 16-லிருந்து 12. அளவு: பொசிஷன் இருந்தால் திறந்ததைப் போல் 3 மடங்கு, இல்லாவிட்டால் 4-க்கு மேல்.

4-பெட் (3-பெட் மீது இன்னொரு ஏற்றம்) வரும்போது குயின் ஜோடியை என்ன செய்வது? என்எல்25-ல் பல பேருடைய 4-பெட் ஏஸ் ஜோடியும் கிங் ஜோடியும் மட்டும்தான். 12 காம்போ (சீட்டுச் சேர்க்கை). அவற்றுக்கு எதிரே குயின் ஜோடிக்கு இருப்பது 20%-க்கும் குறைவு. ஏஸ்-கிங்கும் சேர்ந்தால் 16 காம்போ கூடி, உங்கள் ஈக்விட்டி 40% அளவுக்கு வந்துவிடும். ஆள் எந்த வகை என்று தெரியாமல் இதற்கு விடை கிடையாது.

ஜனவரி 19, திங்கள்

ரிவரில் (கடைசிப் பொதுச் சீட்டில்) வரும் ரெய்ஸ், அதாவது உங்கள் பெட்டை எதிராளி ஏற்றுவது. ஒரே ஒரு கையை விரித்துப் பார்ப்போம்.

கட்-ஆஃபிலிருந்து (பட்டனுக்கு முந்தைய இடம்) கிங்-குயினோடு 2.5 திறக்கிறீர்கள். பட்டன் கால், பிளைண்டுகள் ஃபோல்டு. பாட் 6.5. ஃப்ளாப் இஸ்பேட் கிங், இஸ்பேட் 9, டைமண்ட் 4. நீங்கள் 2.2, அவர் கால், பாட் 10.9. டர்ன் (நான்காவது பொதுச் சீட்டு) கிளாவர் 2. நீங்கள் 7.5, கால், பாட் 25.9. ரிவர் ஹார்ட் 7. இஸ்பேட் ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) வரவில்லை. நீங்கள் 17 போட, அவர் 55-க்கு ஏற்றுகிறார்.

இன்னும் 38 போட்டால் பாட் 135.9. தேவை 28%. அவரிடம் உண்மையான கை எது? 9, 4, 2 ஜோடிகள் செட் (ஒரே எண்ணில் மூன்று சீட்டு) ஆனவை, ஒவ்வொன்றிலும் 3 காம்போ, மொத்தம் 9. 7 ஜோடி டர்னில் போயிருக்கும். அந்த 9-க்கு எதிரே குறைந்தது 4 ப்ளஃப் காம்போ இருந்தால்தான் கால். தவறிய இஸ்பேட்களில் பட்டனில் கால் செய்திருக்கக்கூடியவை: ஏஸ்-ஜாக், ஏஸ்-10, குயின்-ஜாக், குயின்-10, ஜாக்-10. ஐந்து.

உங்கள் குயின் டைமண்ட் என்றால் ஐந்தும் அப்படியே இருக்கின்றன, கால் செய்யலாம். குயின் இஸ்பேட் என்றால் இரண்டு காணாமல் போகின்றன, மிச்சம் மூன்று, ஃபோல்டு. அதே கிங் ஜோடி, அதே கிக்கர் (துணைச் சீட்டு). முடிவை மாற்றுவது குயினின் இனம்.

இந்த ஐந்தையும் அவர் தவறாமல் ப்ளஃபாகப் பயன்படுத்துவார் என்று வைத்துத்தான் இந்தக் கணக்கு. இரண்டில் ஒரு தடவைதான் துணிவார் என்றால் டைமண்ட் குயினும் ஃபோல்டு. என்எல்25-ல் ரிவர் ரெய்ஸை ப்ளஃபாகப் போடுபவர்கள் அரிது, அங்கே எந்தக் குயின் இருந்தாலும் ஃபோல்டு. மேலே வந்தவுடன் எல்லா ரெய்ஸையும் கால் செய்ய ஆரம்பிப்பவர்களும் உண்டு. அது இன்னும் விலை கூடிய நோய்.

ஜனவரி 23, வெள்ளி

ஒரே நேரத்தில் ஆடும் மேசை எண்ணிக்கை: கீழே ஆறு என்றால் மேலே மூன்று. பழைய முடிவுகள் கைப்பழக்கமாக வந்துவிடும், காம்போ எண்ண நேரம் வேண்டும்.

எச்யூடி (எதிராளிகளின் புள்ளிவிவரத்தைத் திரையில் காட்டும் மென்பொருள்): விபிப் (விரும்பிப் பணம் போடும் சதவீதம்), பிஎஃப்ஆர் (ஃப்ளாப்புக்கு முன் ஏற்றும் சதவீதம்) நூறு கை அளவில் ஓரளவு நிலைக்கும். 3-பெட் சதவீதத்தை நம்பப் பல நூறு கை வேண்டும். ரிவரில் ஃபோல்டு ஆகும் சதவீதத்துக்கு ஆயிரக்கணக்கில். 40 கை பார்த்துவிட்டு "இவர் 3-பெட் 15%" என்று 4-பெட் ப்ளஃப் போடுவது சுத்த மடத்தனம். ஜிஜிபோக்கர் தளம் வெளி எச்யூடியை அனுமதிப்பதில்லை, அங்கே தளமே காட்டும் எண்களும் கையால் எழுதும் குறிப்பும்தான் வழி. ஆடும்போது பக்கத்தில் சால்வரை (சரியான ஆட்டத்தைக் கணக்கிடும் மென்பொருள்) திறந்து வைப்பது பெரிய தளங்களில் விதிமீறல், கணக்கு முடங்கும்.

எதிராளியை நிறைய எண்கள் இல்லாமலும் படிக்கலாம். 63 பிபியோடு உட்கார்ந்து நிரப்பாமல் ஆடுபவர், லிம்ப் செய்பவர் (ஏற்றாமல் பிக் பிளைண்ட் அளவு மட்டும் போட்டு நுழைபவர்), ஒரே மேசையில் மட்டும் இருப்பவர் பெரும்பாலும் பொழுதுபோக்குக்கு வந்தவர். அவருடைய இடது கைப்பக்க நாற்காலி காலியானால் அங்கே போய் உட்காருங்கள், உங்களுக்கு முன்னால் அவர் ஆடுவார். அவரிடம் ப்ளஃப் வேண்டாம், டாப் ஜோடிக்கு (பொதுச் சீட்டில் பெரியதோடு சேரும் ஜோடி) மூன்று தெருவிலும், அதாவது ஃப்ளாப், டர்ன், ரிவரில், பெட் போடுங்கள்.

ஆடி முடித்ததும் போக்கர்டிராக்கர் 4 என்ற பதிவு மென்பொருளில் இரண்டே வடிகட்டி: 3-பெட்டை எதிர்கொண்ட கைகள், ரிவர் ரெய்ஸை எதிர்கொண்ட கைகள். முதல் பட்டியலில் பட்டனிலிருந்து திறந்தவற்றை மட்டும் தனியாக எடுத்து, ஃபோல்டு 60%-ஐத் தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டினால் அடுத்த அமர்வில் சேர்க்க வேண்டியது நடுத்தர ஜோடிகளும் சூட்டட் பிராட்வேயும் (10 முதல் ஏஸ் வரையுள்ள சீட்டுகள்). ஆஃப்சூட் ஏஸ்களை இன்னும் வெளியிலேயே வைத்திருங்கள்.