எந்தத் தெரு என்று கேட்காத இணையம்

பழைய இணையத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே மோடம் கத்துகிற சத்தம், ஆர்குட், யாகூ மெசஞ்சர் என்று ஆரம்பித்துவிடுகிறோம். எனக்கும் அதெல்லாம் பிடித்தமான ஞாபகங்கள்தான். ஆனால் அந்த இணையம் போய்விட்டதே என்று எனக்கு மனசு வலிப்பதற்குக் காரணம் வேறு. அங்கே யாரும் என்னிடம் "நீ எந்தத் தெரு?" என்று கேட்டதில்லை.

டெல்டாவில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். ஊர்ப்பெயரைச் சொன்னால் போதாது. அக்ரகாரமா, மேலத்தெருவா, காலனியா என்று தெரிந்தாக வேண்டும், அப்பா பெயர் தெரிந்தாக வேண்டும், அப்புறம் யாருக்கு யார் என்ன முறை என்று நூல் பிடித்துக்கொண்டே போய்க் கடைசியில் சாதியில் வந்து நிற்பார்கள். அது தெரிந்துவிட்டால் நீங்கள் சொல்கிற விஷயம் யார் காதிலும் ஏறாது, சொல்வது யார் வீட்டு ஆள் என்பதுதான் ஏறும். பொம்பளைப் பிள்ளையாக இருந்தால் அதற்கும் முன்னாலேயே "உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்" என்று முடிந்துவிடும்.

நான் மன்னார்குடிக்காரி. 2002 வாக்கில் பந்தலடிப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. மணிக்கு 30 ரூபாய். தம்பியைத் துணைக்கு அழைத்துக்கொண்டுதான் போக வேண்டும், அவன் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து "சீக்கிரம் முடி அக்கா" என்று நச்சரித்துக்கொண்டே இருப்பான். தமிழில் படிப்பதே அன்றைக்கு ஒரு வேலை. ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென்று ஒரு ஃபாண்ட் வைத்திருந்தது, அதை இறக்கிப் போடாவிட்டால் திரை முழுக்க வெறும் கிறுக்கலாகத் தெரியும், சென்டர் அண்ணன் ராத்திரியில் கம்ப்யூட்டரைத் துடைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடுவார் என்பதால் மறுநாள் போனால் மறுபடி முதலிலிருந்து. என்னிடம் ஒரு ஃப்ளாப்பி இருந்தது, அதில் ஃபாண்டுகள் மட்டுமே இருக்கும்.

எழுத ஆரம்பித்தபோது பாமணி என்று பெயர் வைத்துக்கொண்டேன். எங்கள் ஊர்ப் பக்கம் ஓடுகிற ஆறு. ஆணா பெண்ணா என்று சொல்லாத பெயர், எந்தச் சாதியின் பெயரும் இல்லை. முதலில் எழுதியது கூலியைப் பற்றி. நாற்றுப் பறிக்கிற ஆணுக்கு ஒரு கூலி, நாள் முழுக்கச் சேற்றில் குனிந்து நடுகிற பெண்ணுக்கு அதைவிடக் குறைவு, இது ஏன் என்று யாரும் கேட்பதில்லை என்று எழுதினேன். எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதைச் சொல்லியிருந்தால் பெரியப்பா எழுந்து போயிருப்பார். இணையத்தில் மறுநாளே பதில் வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கனடா போனவர் ஒருவர், "பாமணி அண்ணை, நீங்கள் சொல்லுறதில பாதி சரி, பாதி பிழை" என்று ஆரம்பித்து, பத்தி பத்தியாக என் கட்டுரையைப் பிரித்துப் போட்டு, எங்கே ஆதாரம் இல்லை, எங்கே அவசரப்பட்டிருக்கிறேன் என்று காட்டினார். நான் அண்ணை இல்லை என்று சொல்லத் தோன்றவில்லை. ஒரு ஆள் என் பேச்சை அவ்வளவு மதித்துச் சண்டை போட்டது அதுதான் முதல் தடவை, வாரக்கணக்கில் போட்டோம்.

அந்த இணையத்தைக் கட்டியவர்களும் யார் வாசலிலும் போய் நின்று அனுமதி கேட்டதில்லை. 1993 ஏப்ரல் 30இல் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகம் வலைத் தொழில்நுட்பத்தை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15இல் அரசு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணைப்பு கொடுக்கத் தொடங்கியது. 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் ஆரம்பித்தார்கள், பல நாடுகளில் இருந்த தமிழர்கள் வேலை முடித்து வந்து ராத்திரியில் உட்கார்ந்து சங்கப் பாட்டையும் கம்பனையும் தட்டச்சு செய்து ஏற்றினார்கள். ஆளுக்கொரு ஃபாண்ட் என்ற குழப்பத்தைத் தீர்க்க டிஸ்கி என்கிற குறியீட்டு முறையை மின்னஞ்சலிலேயே விவாதித்து உருவாக்கியதும் இப்படிப்பட்ட தன்னார்வலர்கள்தான். 2004இல் காசி ஆறுமுகம் வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டுகிற தமிழ்மணத்தைத் தொடங்கியபிறகு நேற்று எழுத ஆரம்பித்தவரின் எழுத்தும் பேர்பெற்றவரின் எழுத்தும் ஒரே பக்கத்தில், எழுதிய நேர வரிசையில் கீழிறங்கி வந்தன. அந்த நேர வரிசைதான் முக்கியம். யாருக்கு எதைக் காட்டுவது என்று நடுவில் ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை.

அதன் பலம் என்ன என்று எங்கள் பக்கத்து மக்கள் கண்ணால் பார்த்தது 2004 டிசம்பர் 26 சுனாமியில். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் செத்தார்கள். மன்னார்குடி கடலிலிருந்து தள்ளி இருக்கிறது, ஆனால் நாகூர், வேளாங்கண்ணி, நாகப்பட்டினம் என்று கரையில் சொந்தம் இல்லாத வீடு இங்கே குறைவு. போன் கிடைக்கவில்லை. கூத்தாநல்லூரைச் சின்ன சிங்கப்பூர் என்பார்கள், அங்கே வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில். அந்த ஊர் மாமி ஒருவர் பேரனைக் கூட்டிக்கொண்டு எங்கள் சென்டருக்கு வந்திருந்தார். சிங்கப்பூரில் இருக்கிற மகன் மெசஞ்சரில் "நாகூர் சித்தி என்ன ஆனாங்க" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான், மாமிக்குப் பதில் தெரியாது. நான் தட்டச்சு செய்து கொடுத்தேன். அந்தச் சமயத்தில் மும்பையிலும் வேறு ஊர்களிலும் இருந்த பிளாக்கர்கள் சேர்ந்து ஒரே நாளில் பிளாக்ஸ்பாட் என்கிற இலவச வலைப்பதிவுத் தளத்தில் ஒரு சுனாமி உதவிப் பக்கம் திறந்துவிட்டார்கள். உதவி எண்கள், காணாமல் போனவர்கள், எந்த ஊருக்கு என்ன தேவை என்று உலகம் முழுவதிலிருந்தும் தகவல் அதில் வந்து விழுந்தது. நாங்களும் தெரிந்த இடங்களிலெல்லாம் சித்தியின் பெயரையும் தெருவையும் எழுதிப் போட்டோம். நிவாரணப் பொருளோடு நாகூர் போயிருந்த சென்னைக்காரர் ஒருவர் அதைப் படித்திருக்கிறார். முகாமில் விசாரித்து, ஆள் பத்திரம், காலில் மட்டும் அடி என்று பதில் எழுதினார். அவர் யார் என்று இன்றுவரை தெரியாது. மாமி என் தலையைத் தடவி துவா செய்துவிட்டுப் போனார்.

எல்லாம் நல்லதாகவே இருந்தது என்று சொல்ல மாட்டேன். அரட்டை அறைக்குள் பெண் என்று தெரிகிற பெயரில் நுழைந்தால் அடுத்த நொடியே வயசு என்ன, எந்த ஊர், போட்டோ இருக்கா என்று மொய்ப்பார்கள், அசிங்கமாகவும் எழுதுவார்கள். முகம் தெரியாத தைரியத்தில் சாதி வன்மத்தைக் கொட்டியவர்களும் உண்டு. என் தோழிகளில் பாதிப் பேர் அதனாலேயே வெளியேறினார்கள், அந்த நஷ்டம் சின்னதில்லை.

தணிக்கையே இல்லாத காலம் என்பதும் முழுக்கச் சரியில்லை. 2003இல் மேகாலயாவைச் சேர்ந்த ஒரே ஒரு யாகூ மின்னஞ்சல் குழுவை முடக்கச் சொல்லி அரசு உத்தரவு போட, இணைப்பு கொடுக்கிறவர்கள் யாகூ குழுக்கள் மொத்தத்தையுமே அடைத்துவிட்டார்கள். 2006 ஜூலையில் மும்பை ரயில் குண்டுவெடிப்புக்குப் பிறகு சில பக்கங்களைத் தடுக்கச் சொன்னதற்கு பிளாக்ஸ்பாட் முழுசும் போனது. ஆனால் பாருங்கள், அந்தத் தணிக்கை கண்ணுக்குத் தெரிந்தது. திறந்திருந்த கதவு பூட்டிக் கிடக்கிறது என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது, எல்லோரும் கோபப்பட்டோம், சில நாளில் திறக்க வைத்தோம். அதுவரை எப்படிப் படித்தோம் தெரியுமா? அந்த வருஷத் தொடக்கத்தில் பாகிஸ்தானில் பிளாக்ஸ்பாட்டைத் தடுத்திருந்தார்கள், அங்கே இருந்தவர்கள் தங்களுக்காகச் செய்து வைத்த பிகேபிளாக்ஸ் என்ற மாற்றுவழியில் புகுந்து நாம் நம்முடையதைப் படித்தோம். இரண்டு நாட்டு அரசுகளும் அடைத்ததை இரண்டு நாட்டு ஜனங்கள் சேர்ந்து திறந்தார்கள். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

பயம் அப்புறம்தான் வந்தது. 2011இல் பிரவுசிங் சென்டர்களுக்கு விதி போட்டார்கள்: அடையாள அட்டை வாங்க வேண்டும், யார் எப்போது வந்தார்கள் என்று எழுதி ஒரு வருஷம் பத்திரப்படுத்த வேண்டும், கம்ப்யூட்டர்களுக்கு நடுவே வைக்கிற தடுப்பு நாலரை அடிக்கு மேல் இருக்கக் கூடாது. சென்டர் அண்ணன் நோட்டை நீட்டி, "கோவிச்சுக்காதம்மா, பேரு, அட்ரஸ் எழுதிடு" என்றார். அட்ரஸ் என்றால் தெருதானே. அடுத்த வருஷம் அக்டோபரில் புதுச்சேரியில் ஒருவரை ட்விட்டரில் எழுதிய ஒரு வரிக்காகத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் கைது செய்தார்கள். காரைக்கால் எங்களுக்குப் பக்கம், செய்தி வந்த வாரமே திருவாரூரில் இருந்த என் தோழி எழுதிய அத்தனையையும் அழித்தாள். அரசியல் எதுவும் இல்லை, அவள் எழுதியது கோயில் நிலக் குத்தகை பற்றி. 2015 மார்ச் 24இல் உச்ச நீதிமன்றம் 66ஏ செல்லாது என்று சொல்லிவிட்டது. அவள் திரும்ப எழுதவே இல்லை.

இதைவிட எனக்குத் தாங்க முடியாதது இப்போது நடப்பது. 2016இல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் பொய்த்தது, டெல்டாவில் பயிர் கருகியது, விவசாயிகள் செத்தார்கள். திருத்துறைப்பூண்டிப் பக்கம் சொந்தக்காரப் பையன் ஒருவன் விவசாய வீடியோ போடுகிறான், நன்றாகப் பேசுவான், அந்த வருஷத்தைப் பற்றி ஒரு வீடியோ செய்திருந்தான். பார்த்துக்கொண்டே வருகிறேன், பக்கத்து வீட்டு மாமா எப்படிச் செத்தார் என்று சொல்கிற இடத்தில் ஒரு 'பீப்' சத்தம். எழுத்தில் போட்ட இடத்தில் நடுவில் நட்சத்திரக் குறி. ஏன்டா இப்படி என்று கேட்டேன். "தற்கொலைன்னு சொன்னா விளம்பரக் காசு நின்னுடும் அத்தை, யாருக்கும் போய்ச் சேராது" என்றான். அரசு சொல்லவில்லை, போலீஸ் வரவில்லை, தளத்திலிருந்து யாரும் போன் செய்யவில்லை. அப்படி நடக்கும் என்று அவனே தெரிந்துகொண்டு, செத்த மனிதரின் சாவை அவனே மூடிவிட்டான். கேட்கிறவர்களுக்கும் அது பழகிவிட்டது, கீழே கருத்து எழுதுகிறவர்களும் நட்சத்திரம் போட்டே எழுதுகிறார்கள். இந்த மண்ணின் ஆகப் பெரிய துக்கத்தை அதன் பெயரால் சொல்ல முடியாத இடத்தில் நாம் தினமும் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம்!

இதைத் தடை என்றுகூடச் சொல்ல முடிவதில்லை, பூட்டு தெரிந்தால்தானே உடைக்க முடியும். நான் எழுதியது இன்றைக்கு நூறு பேருக்குப் போயிற்றா, ஒருவருக்கும் போகவில்லையா, ஏன் போகவில்லை என்று எனக்குத் தெரிய வழியில்லை. கேட்டால் பதில் சொல்ல ஆளும் இல்லை.

பழையதைப் போய்ப் படிக்கலாம் என்றால் அதுவும் கரைந்துகொண்டே இருக்கிறது. இலவசமாகப் பக்கம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டிஸ் 2009இல் போனது, பதிவுகளைச் சேர்த்துப் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013இல், ஆர்குட் 2014இல், யாகூ குழுக்கள் 2020 கடைசியில் முழுசாக. பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட கணக்குப்படி 2013இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருஷத்தில் காணாமல் போயிருந்தன. இதையெல்லாம் சேர்த்து வைக்கிற இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தையே 2017 ஆகஸ்டில் இந்தியாவில் அடைத்தார்கள், இரண்டு இந்திப் படங்களின் திருட்டுப் பிரதி வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவோடு போன 2,600க்கும் மேற்பட்ட முகவரிகளின் பட்டியலில் அதுவும் இருந்தது. நல்லவேளை, பிறகு திறந்தார்கள். கனடா அண்ணையோடு நான் போட்ட சண்டையில் மூன்றில் ஒரு பங்குதான் அங்கே கிடைத்தது, என் பக்கம் முழுக்க இருக்கிறது, அவர் எழுதியதுதான் இல்லை.

அதனால் இந்தப் பக்கத்தை என் சொந்தக் காசில், என் சொந்த முகவரியில் வைத்திருக்கிறேன். புதிய பதிவுகளைத் தானாகக் கொண்டுவந்து சேர்க்கிற ஓடை (ஆர்எஸ்எஸ்) வசதி இருக்கிறது, எழுதிய வரிசையிலேயே வரும். நட்சத்திரக் குறி போட்டு எந்தச் சொல்லையும் இங்கே எழுத மாட்டேன். பதில் எழுதுகிறவர்கள் எந்தப் பெயரில் வேண்டுமானாலும் எழுதலாம், வசவு மட்டும் வேண்டாம்.

ஒரு உதவி கேட்கிறேன். தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் 2000த்தின் முதல் பத்து வருஷத்தில் எழுதியவர்கள் யாராவது இதைப் படித்தால் வீட்டில் பழைய ஹார்டு டிஸ்க், சிடி, ஃப்ளாப்பி கிடக்கிறதா என்று பாருங்கள், காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். டிஸ்கியில் இருந்தாலும் மாற்றிவிடலாம், நான் மாற்றித் தருகிறேன். உங்கள் பழைய பதிவுகள் இன்னும் வலையில் உயிரோடு இருந்தால் அவற்றின் முகவரியை இன்றைக்கே ஆர்கைவ் தளத்தில் கொடுத்துச் சேமித்து வையுங்கள், அதிக நேரம் ஆகாது. கூலி, குத்தகை, சுனாமி நாள்கள், எதைப் பற்றி எழுதியிருந்தாலும் சரி. பெயர் வேண்டாம் என்றால் பெயர் போட மாட்டேன்.