மறக்கடித்தல்

காரைக்குடியில் நான் எட்டாம் வகுப்புப் படித்தபோது, எங்கள் தமிழாசிரியர் ஒருநாள் தன்வினையையும் பிறவினையையும் இணையிணையாகக் கரும்பலகையில் எழுதினார். ஆடு, ஆட்டு, திருந்து, திருத்து, உருகு, உருக்கு, பழகு, பழக்கு. கடைசி இணையில் நிறுத்தி, "பழக்கியதை இல்லாமற்செய்ய என்ன வினை?" என்று கேட்டார். "பழக்கத்தை விடு" என்றோம். விடுவது பழகியவனே செய்வது, பிறர் செய்விப்பது ஆகாது என்று அதை மறுத்துவிட்டார்.

அந்த வாரந்தான் எங்கள் வீட்டில் அப்பத்தா வேப்பிலையை அரைத்துக்கொண்டே சித்தியிடம், "பிள்ளைக்குப் பாலை மறக்கடிக்கணும் ஆத்தா" என்று சொல்லியிருந்தார். அடுப்படிச் சொல்லை வகுப்பில் சொல்லலாமா என்ற தயக்கத்தோடு நான் அதைச் சொன்னேன். ஆசிரியர் மகிழ்ந்து, மீதி நேரம் முழுவதையும் அந்த ஒரு சொல்லுக்கே தந்தார்.

'மறக்க' என்னும் எச்சத்தோடு 'அடி' சேர்ந்த வினை அது. சாகடி, நோகடி, தோற்கடி, மூழ்கடி ஆகியவற்றிலும் உள்ள இந்த 'அடி' கையால் அடிப்பதன்று. தானே நிகழாததை வலிந்து நிகழ்த்துவது. அதனால்தான் ஒருவரைச் சிரிக்கவைக்கிறோம், சிரிக்கடிப்பதில்லை. 'கவலையை மறக்கடித்த இசை' என்று பின்னாளில் படித்தபோதும், எளிதில் அகலாமல் ஒட்டியிருப்பதே கவலை என்பதால் அச்சொல் அங்கும் பொருந்துவதாகவே எனக்குத் தோன்றியது.

அவர் காட்டிய வேற்றுமை நுட்பத்தை இன்றும் வியக்கிறேன். பிள்ளையைச் சோற்றுக்குப் பழக்குகிறோம். பிள்ளைக்குப் பாலை மறக்கடிக்கிறோம். 'ஐ' உருபும் 'கு' உருபும் இடம் மாறிக்கொள்கின்றன. பழக்கும்போது செயல் பிள்ளையின்மேல் விழுகிறது, மறக்கடிக்கும்போது பாலின்மேல் விழுகிறது. அப்பத்தா அரைத்த வேப்பிலையும் பிள்ளையின் நாவில் தடவப்படவில்லை, தாயின் மார்பில்தான் பூசப்பட்டது.

சிங்கப்பூருக்கு வந்து முப்பது ஆண்டுகளாகின்றன. ஊரில் காலையுணவைப் பலகாரம் என்ற நான் இங்கே பசியாறல் என்கிறேன். பழைய சொல்லை எவரும் எனக்கு மறக்கடிக்கவில்லை. அது விட்டுப்போயிற்று என்பதே சரியான வினை.

சென்ற மாதம் பேரனின் பால்புட்டியை நிறுத்த மருமகள் வழி கேட்டபோது, 'மறக்கடி' என்றேன். இங்கேயே பிறந்து வளர்ந்த அவளுக்கு அது விளங்கவில்லை. ஆசிரியரின் இணையையே சொன்னேன்: "முதலில் அவனைக் கஞ்சிக்குப் பழக்கும்மா, பிறகு அவனுக்குப் புட்டியை மறக்கடி."