தேர்வுத்தாளை எதிர்கொள்ளும் காராசுனோ அணி

பள்ளி வாலிபால் அணியைப் பற்றிய ஜப்பானிய அனிமேத் தொடரான ஹைக்யூவின் இரண்டாம் சீசனைப் பார்க்கத் தொடங்குபவர்கள், அதன் முதல் சில பகுதிகளோடு சேர்த்து 'ஹைக்யூ விஎஸ் அகாதென்' என்னும் சிறப்புப் பகுதியையும் பார்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தேர்வில் வாங்கும் ஃபெயில் மதிப்பெண்ணையே எதிரணியாக நிறுத்தும் இந்த ஓவிஏ (தொலைக்காட்சியில் வராமல் தனியாக வெளியாகும் பகுதி), 2016 மே மாதத்தில், தொடருக்கு மூலமான ஃபுருதாதே ஹருயிச்சியின் மாங்காவின் (ஜப்பானியச் சித்திரக்கதை) 21ஆம் தொகுதியோடு இணைத்து விற்பனைக்கு வந்தது. தொலைக்காட்சித் தொடரின் வரிசையில் இதற்கு இடமில்லாததாலும், இதில் ஆட்டம் என்று சொல்லும்படி எதுவும் நடக்காததாலும், கதைக்குத் தேவையற்றது என்று பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் கதையின் மைய அணியான காராசுனோ உயர்நிலைப் பள்ளியின் முதலாமாண்டு மாணவர்கள் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பழகத் தொடங்கினார்கள் என்பதைப் புரிந்துகொள்ள, இந்தப் படிப்புக் கதையைப் போல் உதவும் வேறொரு இடம் அந்த சீசனின் தொடக்கத்தில் இல்லை.

கதை நிற்கும் இடம் இதுதான். இன்டர்ஹை என்னும் கோடைக்கால தேசியப் போட்டிக்கான தகுதிச் சுற்றில் ஆவோபா ஜோசாய் பள்ளியிடம் தோற்ற காராசுனோ, ஜனவரியில் நடக்கும் ஸ்பிரிங் ஹை தேசியப் போட்டியைக் குறிவைத்துத் தன்னை மறுபடியும் கட்டமைத்துக்கொண்டிருக்கிறது. அந்த வேளையில், ஃபுகுரோதானி, நெகோமா, ஷின்சென், உபுகாவா ஆகிய பள்ளிகள் கூடும் தோக்கியோ பயிற்சி முகாமில் கலந்துகொள்ளும் வாய்ப்பு கிடைக்கிறது. மியாகி மாநிலத்து அணிக்கு இது எளிதில் அமையாத வாய்ப்பு. ஆனால் அதற்கு முன்னால் பருவத்தேர்வு இருக்கிறது. ஒரு பாடத்தில் தவறினாலும் துணை வகுப்பில் உட்கார வேண்டும். அந்த வகுப்பு நடக்கும் நாளோ முகாமோடு மோதுகிறது. ஜப்பானிய உயர்நிலைப் பள்ளிகளில் தேர்ச்சி வரம்பு பள்ளிக்குப் பள்ளி மாறும் என்றாலும், 30 மதிப்பெண்ணை ஒட்டி அதை வைப்பது பரவலான வழக்கம். அந்த வரம்புகூட எட்டாத உயரமாகத் தெரிகிற நான்கு பேர் இந்த அணியில் இருக்கிறார்கள்: ஹினாத்தா, காகெயாமா, தனாக்கா, நிஷினோயா.

இந்த நால்வரையும் முட்டாள்களாக்கிச் சிரிக்க வைப்பது எளிதான வழியாக இருந்திருக்கும். கதை அந்த வழியில் போகவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. களத்தில் அவர்கள் எப்படிப்பட்டவர்களோ, புத்தகத்தின் முன்னாலும் அப்படியே இருக்கிறார்கள். எதிரணி அடித்த பந்தை ரிசீவ் செய்து எடுப்பது எப்படி என்று கேட்டால், நிஷினோயா வெறும் ஒலிக்குறிப்புகளால் விளக்குபவன் என்பதை முதல் சீசனிலேயே பார்த்திருக்கிறோம். உடலால் உடனே பிடித்துக்கொள்வதைச் சொல்லாக மாற்ற அவனுக்கு வராது. தேர்வோ சொல்லாக மாற்றச் சொல்லித்தான் கேட்கிறது. எதிரணியின் ஆறு பேரும் எங்கே நிற்கிறார்கள், பந்தை அடிக்கப்போகும் தன் ஸ்பைக்கர் எந்த நொடியில் தாவுவான் என்பதையெல்லாம் ஒரே பார்வையில் கணக்கிடும் காகெயாமா, வகுப்பில் அமர்ந்ததும் தூங்கிவிடுகிறான். அவனுடைய கூர்மை முழுவதும் ஒரே ஒரு விஷயத்துக்காகச் செலவிடப்பட்டிருப்பதை, எந்த ஆட்டக் காட்சியையும்விட இந்தத் தூக்கம் தெளிவாகக் காட்டிவிடுகிறது.

நான் மீண்டும் மீண்டும் திரும்பிப் போவது, அதே முதலாமாண்டு அணித்தோழன் சுகிஷிமாவிடம் ஹினாத்தாவும் காகெயாமாவும் உதவி கேட்கும் இடத்துக்குத்தான். சுகிஷிமா கேய் நன்றாகப் படிப்பவன்; ஆனால் காகெயாமாவை 'அரசன்' என்று குத்திக்காட்டாமல் அவனோடு பேசத் தெரியாதவன். ஹினாத்தாவுக்குத் தலைகுனிந்து கேட்பதில் பெரிய சிரமம் இல்லை. காகெயாமாவுக்கோ ஒவ்வொரு சொல்லும் தொண்டையில் சிக்குகிறது. பற்களைக் கடித்துக்கொண்டு முணுமுணுப்பாக அவன் கேட்க, காதில் விழவில்லையே என்று சுகிஷிமா அவனை இழுத்தடிக்க, கடைசியில் காகெயாமா கத்தியே கேட்டுவிடுகிறான். இந்த இடத்தில் காகெயாமாவுக்குக் குரல் கொடுத்த இஷிகாவா காய்த்தோவையும் சுகிஷிமாவுக்குக் குரல் கொடுத்த உச்சியாமா கோக்கியையும் கூர்ந்து கேட்க வேண்டும். ஒருவர் குரலை ஏற்றிக்கொண்டே போகிறார். மற்றவர் துளியும் ஏற்றாமல் அதே சலிப்பில் நிற்கிறார். நகைச்சுவை முழுவதும் அந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

நடுநிலைப் பள்ளிக் காலத்தில் அணித்தோழர்களிடம் ஒருபோதும் எதையும் கேட்காமல் கட்டளை மட்டுமே இட்டவன் காகெயாமா. அவன் தூக்கிக் கொடுத்த பந்தை அடிக்க ஒருவரும் வராமல் போனதுதான் அவன் வாழ்க்கையின் பெரிய காயம். அப்படிப்பட்டவன், தனக்குச் சற்றும் ஒத்துவராத ஒருவனிடம் தயவுசெய்து சொல்லிக்கொடு என்று கேட்கிறான். படிப்பு என்னும் சாக்கு இல்லாமல் இருந்திருந்தால் இந்தச் சொற்கள் அவன் வாயிலிருந்து வந்திருக்கவே மாட்டா.

சுகிஷிமாவின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது இன்னும் சுவையானது. அவன் மறுக்கவில்லை. முகம் சுளித்துக்கொண்டே, பயிற்சிக்கு முன்னும் பின்னும் கிடைக்கும் நேரத்தில் சொல்லிக்கொடுக்க ஒப்புக்கொள்கிறான். இது வெறும் பள்ளிக் கிளப்தானே, இதற்கு எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்கும் மனநிலையில் இருப்பவன், அந்தக் கிளப்பின் முகாமுக்குப் போகத் துடிக்கும் இருவருக்காகத் தன் நேரத்தைக் கொடுக்கிறான். பின்னர் ஷின்சென் பள்ளியில் நடக்கும் அடுத்த முகாமில், நண்பன் யாமாகுச்சி அவனிடம் வெடித்துப் பேசிய பிறகு, மூன்றாம் ஜிம்முக்குப் போய் நெகோமாவின் கேப்டன் குரோவிடமும் ஃபுகுரோதானியின் கேப்டன் பொக்குத்தோவிடமும் தன் கேள்வியைக் கேட்டு, எதிரணியின் அடியை வலையருகே தடுக்கும் பிளாக்கிங்கை அவர்களிடமே கற்றுக்கொள்பவனாகிறான். கற்பிப்பவனாகத் தொடங்கியவன் கேட்பவனாக மாறுவதை இந்தச் சிறப்புப் பகுதியோடு சேர்த்துப் பார்க்கும்போது, ஷின்சென் இரவுகளுக்குக் கூடுதல் கனம் வந்துவிடுகிறது. அந்தத் தொடர்பைக் கதாசிரியர் எங்கும் வாய்விட்டுச் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய நிறைவு.

புதிய மேலாளராகச் சேரும் யாச்சி ஹித்தோக்காவுக்கும் இந்தப் படிப்புதான் வாசல். எதற்கெடுத்தாலும் நடுங்கும் அவளுக்கு, அணியில் தன்னால் ஏதோ ஒரு பயன் உண்டு என்ற எண்ணம் முதலில் வருவது இவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும்போதுதான். இரண்டாமாண்டினரைப் பொறுத்தவரை, தனாக்காவையும் நிஷினோயாவையும் கட்டி மேய்க்கும் பொறுப்பு அவர்களோடு படிக்கும் எனோஷித்தாவின் தலையில் விழுகிறது. பின்னாளில் கேப்டனாகப் போகிறவனுக்கு இது பொருத்தமான பயிற்சி என்றே சொல்ல வேண்டும்.

இத்தனை உழைப்புக்குப் பிறகும் ஹினாத்தாவும் காகெயாமாவும் ஆளுக்கு ஒரு பாடத்தில் தவறிவிடுகிறார்கள் என்பது தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்ததே. உழைத்தால் வெற்றி நிச்சயம் என்ற ஆறுதலை இந்தத் தொடர் களத்திலும் தருவதில்லை, தேர்வறையிலும் தருவதில்லை. நால்வரும் தேறியிருந்தால் கதை இனிமையாக முடிந்திருக்கும். ஆனால் தனாக்காவின் அக்கா சாயேக்கோ வண்டியை எடுத்துக்கொண்டு வந்து அந்த இருவரையும் தோக்கியோவுக்கு விரட்டிக்கொண்டு போகும் அருமையான பயணம் நமக்குக் கிடைத்திருக்காது.

2014இல் முதலில் திரையிடப்பட்ட 'லியேஃப் கென்சான்' என்னும் முந்தைய ஓவிஏவும் கலகலப்பானதுதான். நெகோமாவின் நெடிய புதுமுகமான ஹாய்பா லியேஃபை அறிமுகப்படுத்தும் வேலையை அது நன்றாகவே செய்கிறது. ஆயினும் அது அறிமுகத்தோடு நின்றுவிடுவதால், இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்பவர்களுக்கு நான் அகாதெனையே பரிந்துரைப்பேன். முகாம் அறிவிப்பு வரும் பகுதியைப் பார்த்து முடித்ததும் நிறுத்திவிட்டு, சாயேக்கோவின் வண்டி புறப்படுவதற்கு முன்பாக இதைப் பார்த்துவிடுங்கள். அந்த இருவரும் தாமதமாக ஜிம்முக்குள் நுழையும்போது, உள்ளே நிற்கும் சுகிஷிமாவின் முகத்தையும் தேடிப் பார்க்கத் தோன்றும்.