தறி போன குடோனில் ஓர் ஏர் ரைஃபிள்

என் சித்தப்பா பையன் ஜப்பானில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமையானால் ஏர்சாஃப்ட் விளையாடப் போய்விடுவான். அவன் அனுப்பிய காணொளிகளைப் பார்த்துத்தான் எனக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது. பேட்டரியில் ஓடும் துப்பாக்கி, 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டு, மரங்களுக்கு நடுவே இரண்டு அணிகள். குண்டின் ஆற்றல் ஒரு ஜூல் அளவைக்கூட எட்டாதபடி அங்கே சட்டம் கட்டிப்போட்டிருக்கிறது. குண்டு பட்டால் பட்டவன்தான் 'ஹிட்' என்று கத்தி, கையைத் தூக்கிக்கொண்டு வெளியே போக வேண்டும். நம் ஊர் கிரிக்கெட்டில் எல்.பி.டபிள்யூ.வை ஒருத்தனும் ஒத்துக்கொண்டதில்லை என்பதால் அந்த நேர்மையைப் பார்க்கவே ஆச்சரியமாக இருந்தது.

எனக்குக் கோயம்புத்தூரை அடுத்த சோமனூர் பக்கம். எட்டுத் தறி போட்டுக் கூலிக்குக் காடா நெய்துகொண்டிருந்தோம். கூலி கட்டுப்படியாகாமல் தறிகளை எடைக்குப் போட்ட பிறகு குடோன் சும்மாதான் கிடக்கிறது. அதற்குள் நாலு மூட்டையை அடுக்கி, ஜப்பான்காரன் மாதிரி ஒளிந்து விளையாடலாம் என்பதுதான் திட்டம். சொன்னதும் வீட்டுக்காரி, "ஏனுங்க, நாப்பத்தி ரெண்டு வயசுல இது தேவைங்களா?" என்றாள். அது ஒரு கேள்வியே இல்லை என்பதுபோல நான் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

கடைக்காரர் என் ஆசையை ஒரே வரியில் முடித்து வைத்தார். "ஏர்சாஃப்ட்டுங்களா? அது 6 எம்.எம். சார். நம்ம விதி 4.5-லயே நின்னுக்குது." 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டரையும் ஆற்றல் 20 ஜூல் அளவையும் தாண்டாத ஏர் ரைஃபிளுக்குத்தான் உரிமம் வேண்டாம். ஆன்லைனில் யாரோ விற்கிறார்களே என்றேன். "வாங்கிப் போட்டுட்டு அப்புறம் ஸ்டேசன்ல போயி பொம்மைன்னு வெளக்கம் சொல்லீட்டு நிக்கோணும்" என்றார். நியாயமாகப் பட்டது. மனசை மாற்றிக்கொண்டு 4.5 பக்கம் திரும்பினேன்.

அவர் இரண்டு வகையை எடுத்து வைத்தார். ஒன்று ஸ்பிரிங் வகை. குழலை நடுவில் மடக்கி இழுத்தால் உள்ளே ஸ்பிரிங் அமுங்கும். ஒரு ரவையை, அதாவது சின்ன ஈயக் குண்டை, போட்டு மூடிச் சுட வேண்டும். ஒவ்வொரு சூட்டுக்கும் இதே வேலை. மற்றது பி.சி.பி. சிலிண்டரில் முன்கூட்டியே 200 பார் அழுத்தத்துக்குக் காற்றை அடைத்து வைத்திருப்பார்கள். உதறலே இருக்காது, டிரிகர் விரல் பட்டதும் வேலை செய்யும். 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது 10 மீட்டர் ஏர் ரைஃபிளில். அந்தப் போட்டிகளில் இன்று எல்லோர் கையிலும் இருப்பது இந்த வகைதான். கையில் எடுத்ததுமே எனக்குப் பி.சி.பி. மேல் ஆசை வந்துவிட்டது. ஆனால் வண்டி டயரில் இருக்கும் காற்று இரண்டு பார் சொச்சம். 200 பாரை எங்கே போய்ப் பிடிப்பது? அதற்கென்று தனிப் பம்ப் வேண்டும், அல்லது சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு கோயம்புத்தூருக்கும் சோமனூருக்கும் நடக்க வேண்டும். விலையும் ஸ்பிரிங் வகையைப்போலப் பல மடங்கு.

கடைக்காரர் அன்றைக்கே எதையாவது தலையில் கட்டியிருக்கலாம். செய்யவில்லை. "மொதல்ல ஒரு ரைஃபிள் கிளப்புல நாலு நாள் சுட்டுப் பாருங்க, பொறவு வாங்க" என்று அனுப்பிவிட்டார். அதைவிட நல்ல யோசனையை எனக்கு வேறு யாரும் சொல்லவில்லை.

கிளப்பில் முதல் நாள் பயிற்சியாளர் துப்பாக்கியைத் தொடவே விடவில்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன முக்கோணம் வைத்து, அதன் வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். இடது கண்ணை மூடச் சொன்னார். கடிகாரம் காணாமல் போய்விட்டது. வலது கண்ணை மூடினால் கடிகாரம் அதே இடத்தில் இருக்கிறது. "எழுதறது வலது கையிலதானுங்களே? ஆனா உங்களுக்குக் குறி புடிக்கிற கண்ணு இடதுங்க" என்றார்.

ஆடி மாதம் அந்தியூர்க் குருநாதசாமி கோவில் திருவிழாவுக்கு வருஷா வருஷம் போவோம். எல்லோரும் குதிரைச் சந்தையைப் பார்ப்பார்கள். நான் பலூன் சுடும் கடையில் காசைக் கரைப்பேன். பத்துக்கு இரண்டு உடைந்தால் அதிகம். கை நடுங்குகிறது என்று மச்சினன் இருபது வருஷமாகக் கிண்டல் செய்தான். கை இல்லை, கண்.

அதற்குப் பிறகு தேர்வு தானாகச் சுருங்கிவிட்டது. கிளப்பில் இருந்த போட்டி ரைஃபிள் நாலரைக் கிலோ இருக்கும். அதன் கட்டை வலது தோளுக்கென்றே செதுக்கியது. கன்னம் சாய்க்கும் மேடு ஒரு பக்கம் மட்டும். இடது தோளில் வைத்தால் தாடையில் முட்டுகிறது. இடக்கைக்கு என்று தனியாக உண்டு, அதற்குச் சொல்லி வைத்துக் காத்திருக்க வேண்டும். வலது தோளிலேயே வைத்து இடது கண்ணுக்கு மறைப்புப் போட்டுப் பழகலாம் என்றும் சொன்னார்கள். இரண்டு வாரம் முயன்றேன். தலைவலிதான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்குக்கு இத்தனை பாடு எதற்கு?

மறுபடி அதே கடை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கட்டை உள்ள, உள்நாட்டுத் தயாரிப்பான ஸ்பிரிங் ரைஃபிள் ஒன்றை எடுத்தேன். பல மாடலைத் தோளில் வைத்து வைத்துப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு தூக்கி, கன்னத்தைச் சாய்த்துத் திறந்தால் குறிமுள் நேராகத் தெரிய வேண்டும்; கழுத்தை வளைத்துத் தேடக்கூடாது. அந்தச் சோதனையில் தேறியது ஒன்றுதான். பார்க்க அழகாக, கறுப்பாக, படத்தில் வருவதுபோல இருந்தது வேறொன்று. அதை மடக்கி இழுக்க என் பலம் போதவில்லை. பத்து முறை இழுத்ததற்கே தோள்பட்டை கேட்டது. நான் எடுத்ததன் விலை 11,500 ரூபாய். ஆதார் நகல் வாங்கிக்கொண்டு, பெயரையும் முகவரியையும் நோட்டில் ஏற்றினார்கள். ரவைக்குத் தலை தட்டையாக இருப்பதைக் கேட்டு வாங்கினேன். குறி வைத்துச் சுடும் அட்டையில் பஞ்ச் அடித்தமாதிரி வட்டமாக ஓட்டை விழும், எண்ண வசதி.

அடுத்தது நான் செய்த தப்பு. தறிக்காரனுக்கு எந்த இரும்பைக் கண்டாலும் எண்ணெய் விடாமல் கை நிற்காது. வீட்டுக்கு வந்ததும் தறிக்கு விடுகிற எண்ணெயில் நாலு சொட்டைக் குழல் வழியாக விட்டேன். அடுத்த சூட்டில் 'டமார்' என்றது. குழல் வாயில் புகை. பிஸ்டன் காற்றை அமுக்குகிற வேகத்தில் சூடு ஏறி எண்ணெய் பற்றிக்கொள்கிறது, டீசல் இன்ஜின் மாதிரி. அப்படியே விட்டால் சீலும் ஸ்பிரிங்கும் போய்விடும் என்று கடைக்காரர் போனில் வைதார். கொஞ்ச நாளில் சரியாகிவிட்டது. ஆனால் அந்தச் சத்தத்துக்குப் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வந்துவிட்டார்.

"தம்பி, துப்பாக்கியா வாங்கியிருக்கற? தக்காளி நாத்தை மயிலு ஒண்ணு விடாமக் கொத்திப் போடுது. ஒரு நாளைக்குக் கொண்டாந்தீன்னா..." என்று இழுத்தார். அவர் கஷ்டம் எனக்குத் தெரியும். எங்கள் பக்கம் மயில் கூட்டம் இறங்கினால் காடு காலிதான். ஆனால் மயில் 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. "மாமா, மயிலைச் சுட்டா என்னைக் கொண்டுபோயி உள்ள வெச்சுருவாங்க. இது அட்டைக்கு மட்டுந்தானுங்க" என்றேன். அட்டையைச் சுடுவதற்கா இவ்வளவு காசு என்று கேட்டுவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார்.

குறி பார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் போடலாம் என்று இன்னொரு செலவு. அது இரண்டே வாரத்தில் உள்ளே கழன்று, குலுக்கினால் சத்தம் போட்டது. ஸ்பிரிங் ரைஃபிள் முதலில் பின்னால் உதைக்கும், பிஸ்டன் முட்டியதும் முன்னால் உதைக்கும். சாதாரண ஸ்கோப் அந்த இரண்டாவது உதையைத் தாங்காது. இதை விற்றவர் வேறு கடைக்காரர், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இப்போது வெறும் குறிமுள்தான். இந்த உதைக்காக இன்னொன்றும் பழக வேண்டியிருந்தது: இறுக்கிப் பிடித்தால் குறி சிதறுகிறது. கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி உள்ளங்கையில் தாங்கினால் போதும்.

முதலில் வாசலில்தான் வைத்துச் சுட்டேன். ஆனி பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காற்று இறங்கிவிட்டது. அட்டையே பறந்து போனது. குடோனுக்குள் மாறினேன். 10 மீட்டர் என்றால் 32 அடி 10 அங்குலம். 42 அடிக் குடோனில் தாராளம். அட்டையின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரம். பத்து மதிப்பெண் தரும் அந்தப் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். பின்னால் மரப்பெட்டி ஒன்றில் கழிவுப் பஞ்சையும் பழைய காடாத் துணியையும் திணித்து, அதற்கும் பின்னால் கனமான இரும்புத் தகடு. முதல் வாரம் பெட்டி இல்லாமல் தகடு மட்டும் வைத்திருந்தேன். ஒரு ரவை திரும்பி வந்து காலடியில் விழுந்தது. அன்றிலிருந்து கண்ணாடி போடாமல் யாரும் உள்ளே வரக்கூடாது. ரவை ஈயம் என்பதால் சுட்டு முடித்துச் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சோற்றுத் தட்டைத் தொடக்கூடாது. இது வீட்டுக்காரி போட்ட சட்டம்.

இந்த ஆடியில் அந்தியூர் போனோம். பலூன் கடையில் துப்பாக்கியை இடது தோளுக்கு மாற்றினேன். "அண்ணா, நீங்க இடக்கையா?" என்றான் கடைப் பையன். பத்தில் ஏழு உடைந்தது. மீதி மூன்றுக்கு அந்தத் துப்பாக்கியின் குறிமுள் வளைந்திருந்ததுதான் காரணம் என்று வீட்டுக்காரியிடம் விளக்கினேன்.

"ஆமாங்க, வளைஞ்சுதான் இருக்கும்" என்றாள்.