தை எங்கே, சயாமா?

போன ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கையும் களவுமாகப் பிடிபட்டேன். கோயில் மண்டபம், ஒன்பது பிள்ளைகள், ஆத்திசூடி. 'தேசத்தோடு ஒட்டி வாழ்' வரை வந்துவிட்டோம். கன்னத்தில் தனகா மரப்பட்டைச் சாந்து பூசி, கைலி கட்டி உட்கார்ந்திருக்கிற ரங்கூன் பிள்ளைகளுக்கு அதற்கு விளக்கம் வேறு வேண்டுமா? அடுத்த வரியை விழுங்கிவிட்டு 'தொன்மை மறவேல்' என்றேன்.

எட்டு வயதுக்காரி ஒருத்தி கையைத் தூக்கினாள். (சயாமா என்றால் பர்மிய மொழியில் டீச்சர்.) "தேக்கு அப்புறம் தைதானே வரணும், சயாமா?"

எழுத்து வரிசையில் கோத்த மாலையில் ஒரு பூவை உருவினால் தெரியாமல் போகுமா! நான் விழுங்கியது 'தையல்சொல் கேளேல்'. பெண் பேச்சைக் கேட்காதே. சொன்னவர் ஔவை, சொல்லிக்கொடுப்பவள் நான், எதிரே இருக்கிற ஒன்பதில் ஆறு பெண்பிள்ளைகள்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. நான் சிறுமியாக இருந்தபோது வீட்டுக்கு வரும் பத்திரிகைகளில் சில பத்திகள்மேல் வெள்ளி மை பூசியிருக்கும். சிலவற்றில் பக்கமே இருக்காது. பர்மாவின் 1962 அச்சுச் சட்டத்தின் கீழ் தணிக்கைக்காரர்கள் செய்த வேலை. அண்ணன் அந்தப் பக்கத்தை பல்புக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். ஒன்றும் தெரியாது, ஆனால் அங்கே ஏதோ இருந்தது என்பதாவது தெரியும். நான் பூசியது அந்த மையைவிட மோசம்.

2011 ஜூனில் முன்தணிக்கையைத் தளர்த்தியபோது விளையாட்டு, சினிமா இதழ்களோடு சிறுவர் இதழ்களையும்தான் முதலில் விட்டார்கள். அரசியல், மத இதழ்கள் 2012 ஆகஸ்ட் 20 வரை காத்திருந்தன. பிள்ளைகள் படிப்பதில் அப்படி என்ன ஆபத்து என்று நினைத்திருப்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை, அதனால்தானே விழுங்கினேன்.

கோயில் பெரியவர் ஒருவர் வழி சொன்னார்: "மனசைத் தைக்கிற சொல்லைக் கேட்காதேன்னு அர்த்தம் சொல்லிடும்மா." கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் தையல் என்றால் பெண் என்று அந்தப் பிள்ளைகளுக்கு ஒருநாள் தெரியாமலா போகும்?

இந்த வாரம் பலகையில் இரண்டு பத்தி போட்டேன். இடப்பக்கம் ஔவை: தையல்சொல் கேளேல், தொன்மை மறவேல். வலப்பக்கம் பாரதியின் புதிய ஆத்திசூடி: தையலை உயர்வு செய், தொன்மைக்கு அஞ்சேல். அதே எழுத்துகள்தான். எதையும் அழிக்கவில்லை.

அவள் இரண்டையும் எழுதிக்கொண்டு, பென்சிலைக் கடித்தபடி கேட்டாள்: "இதுல எதை மனப்பாடம் பண்ணணும், சயாமா?"