முன்பின் தெரியாதவர்கள்

கொழும்பு கோட்டையிலிருந்து வந்த ரயில் பம்பலப்பிட்டியில் மழைக்குள் நின்றுவிட்டது. எதிரில் இருந்த அக்கா வடைச் சரையைப் பிரித்து, பக்கத்தில் இருந்த ஸ்கூல் பொடியனிடம் நீட்டினார். "எடுங்கோ தம்பி, சூடாத்தான் இருக்கு."

என் கையில் ஒரு நாவல். காட்டில் மாட்டிக்கொண்ட, முன்பின் தெரியாத சிலரின் கதை. இரண்டாம் நாளே சாப்பாட்டை ஒளிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

மனிதர்களை ஏன் எப்போதும் இப்படியே எழுதுகிறார்கள்?

1965இல் தொங்கா நாட்டுப் பையன்கள் ஆறு பேர் ஆளில்லாத் தீவொன்றில் ஒதுங்கினார்கள். 15 மாதங்கள். முறைவைத்து வேலை செய்தார்கள். மூட்டிய தீயை அணைய விடவில்லை. சண்டை வந்தால் ஆளுக்கொரு பக்கம் போய், கோபம் ஆறியபின் திரும்பினார்கள். ஒருவன் விழுந்து காலை முறித்துக்கொண்டான். குச்சியும் இலையும் வைத்துக் கட்டினார்கள், எலும்பு ஒழுங்காகவே பொருந்தியது.

சரி, அவர்கள் ஏற்கெனவே கூட்டாளிகள்.

ஆனால் 1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தின்போது, இந்தத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஓடும் காலி வீதியை அண்டிய வீடுகளில், பெயர்கூடத் தெரியாத தமிழ்க் குடும்பங்களை உள்ளே எடுத்துக் கதவைப் பூட்டிய சிங்களவர்கள் இருந்தார்கள். வெளியில் கும்பல் நிற்கும்போது, உள்ளே யாரோ சோறு பரிமாறியிருப்பார்கள்.

அந்த நாவலை யாராவது எழுதுங்கள். நான் முதல் ஆளாக வாங்குவேன்.